ஓடும் விளக்கைப் பாட வைக்கலாம்!

வீட்டுப் பட்டறை

கோயில் திருவிழாவுக்குப் போனால் பந்தல் வாசலில் ஒரு வளைவு இருக்கும். அதில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, வெளிச்சமே ஓடுவதுபோலத் தெரியும். சின்னப் பிள்ளைகள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளத் தொடங்கும் எல்லோரும் செய்து பார்க்கும் முதல் சில சர்க்யூட்களில் இந்த ஓடும் விளக்கும் ஒன்று. அதற்குத் தேவை இரண்டே ஐ.சி.க்கள். ஒன்று 555, இன்னொன்று 4017.

இப்போது ஒரு சின்ன மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் ஒரு குமிழ். எந்த விளக்கு எரிகிறதோ, அந்தக் குமிழில் நீங்கள் வைத்திருக்கும் ஸ்வரம் ஒலிக்கும். விளக்கு ஓட ஓட மெட்டும் ஓடும். எட்டாவது விளக்கு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். இதற்குப் பெயர்தான் அனலாக் சீக்வென்சர். சின்தசைஸர் என்ற மின்னணு இசைக்கருவிக்கு ‘இப்போது இந்த ஸ்வரம், அடுத்து அந்த ஸ்வரம்’ என்று சொல்லிக்கொடுக்கும் பெட்டி.

இந்த வாரம் அதைத்தான் செய்யப்போகிறோம். செய்வதைவிட முக்கியம், செய்த பிறகு வேலை செய்யாவிட்டால் என்ன பண்ணுவது என்பது. அதையும் விரிவாகப் பார்ப்போம்.

எட்டுக் குமிழ்களின் கதை

1968-ல் அமெரிக்காவின் மூக் நிறுவனம் ‘960’ என்ற சீக்வென்சரைக் கொண்டுவந்தது. எட்டு நெடுவரிசை, மூன்று படுக்கை வரிசை, மொத்தம் 24 குமிழ்கள். 1977-ல் டோனா சம்மர் பாடி, ஜார்ஜியோ மொரோடர் தயாரித்த ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில் இடைவிடாமல் துடிக்கும் அந்த பேஸ் ஒலி, மூக் சின்தசைஸரை ஒரு சீக்வென்சர் ஓட்டியதால் வந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1969-ல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சின்தசைஸர் வந்து இறங்கியது. அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அங்கே ஒரு மின்னணு இசைக்கூடம் அமைய உதவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்திய இசையமைப்பாளர்கள் அங்கே பதிவு செய்த ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியிலேயே கிடந்து, 2023-ல் இசைத்தட்டாக வெளிவந்தன. தமிழ் சினிமாவில் 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அது டிஜிட்டல். நாம் செய்யப்போவது அதற்கு முந்தைய தலைமுறை. ஆனால் அடிப்படை வேலை ஒன்றுதான்: வரிசையாகச் சொல், மறுபடி சொல்.

உள்ளே நடப்பது என்ன?

மூன்று வேலைகள், மூன்று பகுதிகள். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் பகுதி, தாளம் போடுபவர். அதுதான் 555. ஒரு கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பும், காலியாகும், மறுபடி நிரம்பும். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு. எவ்வளவு வேகமாகத் தட்ட வேண்டும் என்பதை ஒரு குமிழால் மாற்றலாம். 1972-ல் விற்பனைக்கு வந்த இந்த ஐ.சி. இன்றும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது.

இரண்டாவது பகுதி, வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிடுபவர். அதுதான் 4017. இதற்குப் பத்து அவுட்புட்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அவுட்புட் மட்டும் 9 வோல்ட்டுக்கு உயரும், மற்றவை பூஜ்யத்தில் இருக்கும். ரேஷன் கடையில் டோக்கன் எண் கூப்பிடுவதுபோல.

மூன்றாவது பகுதி, குமிழ்களும் வெளியே அனுப்பும் வாசலும். உயர்ந்து நிற்கும் 9 வோல்ட்டில் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று அந்தந்தக் குமிழ் தீர்மானிக்கிறது. எட்டுக் குமிழ்களின் வெளியீடும் ஒரே கம்பியில் சேர வேண்டும். அப்படியே சேர்த்தால் பூஜ்யத்தில் இருக்கும் ஏழு பேர், உயர்ந்து நிற்கும் ஒருவரைக் கீழே இழுத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு டையோடு. வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது என்ற ஒருவழிக் கதவு அது. கடைசியில் ஓர் ஆப்-ஆம்ப், அந்த வோல்டேஜை அப்படியே நகலெடுத்து வலுவாக வெளியே அனுப்பும்.

வாங்க வேண்டியவை

555, 4017, எல்.எம்.358 ஒவ்வொன்றும் ஒன்று. ஒலிக்காக 4046 ஒன்று. எல்லாவற்றுக்கும் ஐ.சி. சாக்கெட். ஸ்வரக் குமிழ்களுக்கு 10கே லீனியர் பாட் எட்டு (மேலே ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும், ‘ஏ’ என்று இருந்தால் அது வால்யூமுக்கானது, வேண்டாம்). வேகத்துக்கும் வீச்சுக்கும் 100கே லீனியர் பாட் இரண்டு. ஒலியளவுக்கு 10கே பாட் ஒன்று. 1என்4148 டையோடு எட்டு. ஒரே நிறத்தில் எல்.இ.டி. எட்டு. ரெசிஸ்டர்களில் 1கே, 4.7கே, 10கே, 100கே ஒரு சிறு கட்டு. கெப்பாசிட்டர்களில் 10 மைக்ரோஃபாரட், 100 மைக்ரோஃபாரட், 0.1, 0.01. ஒரு சின்ன சுவிட்ச், பிரெட்போர்டு, ஒயர், 9 வோல்ட் பேட்டரி.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டைச் சொல்லத் தேவையில்லை. மற்ற ஊர்களில் டி.வி. மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் பெரும்பாலும் எல்லாம் கிடைக்கும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கையில் மல்டிமீட்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். விலை குறைந்ததே போதும். ஆனால் அது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கட்டும் வரிசை

ஐ.சி.யின் பின்களைக் கால் என்றே சொல்கிறேன். மேலே உள்ள அரைவட்ட வெட்டை உங்களுக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி வைத்தால், இடது மேல் கால்தான் 1. அங்கிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் மேலே ஏறி எண்ண வேண்டும்.

படி 1: 555-ன் 8, 4 கால்கள் பிளஸ்ஸுக்கு. 1 மைனஸுக்கு. பிளஸ்ஸுக்கும் 7-க்கும் நடுவில் 1கே. 7-க்கும் 6-க்கும் நடுவில் 4.7கே, அதோடு தொடராக 100கே வேகக் குமிழ். 6-ஐயும் 2-ஐயும் இணைத்து, அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோஃபாரட் (அதன் மைனஸ் பக்கம் மைனஸுக்கு). 5-லிருந்து மைனஸுக்கு 0.01. அவுட்புட் கால் 3. அதில் ஓர் எல்.இ.டி.யையும் 10கே ரெசிஸ்டரையும் தொடராக வைத்து மைனஸுக்குக் கொடுங்கள். மினுக்கினால் தாளக்காரர் வந்துவிட்டார். குமிழைக் குறைத்தால் ஒரு தட்டுக்குச் சுமார் ஒன்றரை விநாடி, கூட்டினால் விநாடிக்குச் சுமார் 14 தட்டு. இது சரியான பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். அந்த எல்.இ.டி.யை எடுத்து அடுத்த படிக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 2: 4017-ன் 16 பிளஸ்ஸுக்கு, 8 மைனஸுக்கு. 14-க்கு 555-ன் 3-வது காலிலிருந்து ஒயர். 13-லிருந்து மைனஸுக்கு 10கே. அதே 13-லிருந்து பிளஸ்ஸுக்கு ஒரு சுவிட்ச். இதைப் போட்டால் ஓட்டம் நிற்கும், எடுத்தால் தொடரும். ஸ்வரம் சேர்க்கும்போது இது மிகவும் தேவை. 15-ஐ 9-வது காலோடு இணையுங்கள். ஒன்பதாவது அவுட்புட் உயர்ந்த கணமே முதலுக்குத் திரும்பிவிடும். அதனால் எட்டு ஸ்வரம்.

இனி கவனம். 4017-ன் அவுட்புட்கள் கால் எண் வரிசையில் வராது. முதல் எட்டும் வரும் கால்கள் இவை: 3, 2, 4, 7, 10, 1, 5, 6. ஒவ்வொன்றிலிருந்தும் 10கே ரெசிஸ்டரும் எல்.இ.டி.யும் வைத்து மைனஸுக்குக் கொடுங்கள். ஓடும் விளக்கு ஓடிவிட்டதா? வீட்டில் இருக்கும் குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு மேலே போகலாம்.

படி 3: ஒவ்வொரு அவுட்புட்டும் ஒரு 10கே குமிழின் ஓரக் காலுக்கு. இன்னொரு ஓரம் மைனஸுக்கு. நடுக்காலிலிருந்து ஒரு டையோடு. அதன் கறுப்புக் கோடு போட்ட பக்கம் பொதுக் கம்பிக்கு. எட்டும் சேரும் அந்தப் பொதுக் கம்பி, 100கே வீச்சுக் குமிழின் ஓரத்துக்கு. அதன் மறு ஓரம் மைனஸுக்கு. நடுக்கால், எல்.எம்.358-ன் 3-வது காலுக்கு.

படி 4: எல்.எம்.358-ன் 8 பிளஸ்ஸுக்கு, 4 மைனஸுக்கு. 1-ஐயும் 2-ஐயும் இணையுங்கள். 1-லிருந்து ஒரு 1கே வழியாக வருவதுதான் ஸ்வர வோல்டேஜ். மிச்சமிருக்கும் பாதியைத் தொங்க விடாமல் 5-ஐ மைனஸுக்கும், 6-ஐ 7-க்கும் கொடுத்துவிடுங்கள்.

படி 5: வீட்டில் சின்தசைஸர் இல்லாதவர்களுக்கு 4046. 16 பிளஸ்ஸுக்கு. 8, 5, 3, 14 மைனஸுக்கு. 6-க்கும் 7-க்கும் நடுவில் 0.01. 11-லிருந்து மைனஸுக்கு 100கே. 9-ல் ஸ்வர வோல்டேஜைக் கொடுத்தால் 4-ல் ஒலி வரும். அதை 100கே வழியாக 10கே ஒலியளவுக் குமிழுக்குக் கொடுத்து, அதன் நடுக்காலிலிருந்து ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கரின் ஆக்ஸ் இன்புட்டுக்குக் கொண்டுபோகலாம். ஸ்பீக்கரின் கிரவுண்டை மைனஸோடு சேர்க்க மறக்க வேண்டாம். முதல் தடவை ஒலியளவு அடியில் இருக்கட்டும். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சோதிக்கவே கூடாது.

ஒவ்வொரு ஐ.சி.யின் பிளஸ், மைனஸ் கால்களுக்கும் பக்கத்திலேயே ஒரு 0.1 கெப்பாசிட்டர், பேட்டரி வரும் இடத்தில் ஒரு 100 மைக்ரோஃபாரட். இதைத் தேவையில்லாத அலங்காரம் என்று பலர் விட்டுவிடுவார்கள். ஏன் விடக் கூடாது என்று கீழே வருகிறது.

குமிழைக் குறைத்தால் கத்தும் பெட்டி

என் அக்கா மகன் இன்ஜினீயரிங் முதல் ஆண்டு. எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. பாடத்தில் எல்லாம் ஏட்டில் இருப்பதாகவும், கையில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லி, பொங்கலுக்கு வந்த பணத்தில் தானாகவே இந்த சீக்வென்சரைச் செய்தான். பேட்டரியில் ஓடும் பெட்டி. ஏழு ஸ்வரம் ஒழுங்காக வந்தது. மூன்றாவது குமிழை மட்டும் கீழே இறக்கினால் ஒலி இறங்காமல் உச்சத்துக்குப் போய்க் கீச்சென்று கத்தியது.

இரண்டு வாரத்தில் அவன் செய்தவை: அந்தக் குமிழை மாற்றினான். டையோடை மாற்றினான். புதிதாக ஒரு 4017 வாங்கிப் போட்டான். எல்லா சால்டரிங்கையும் மறுபடி சூடுபடுத்தினான். அதே கீச்சு.

“ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருக்கான்டா. செமஸ்டர் வருது. நீயே சொல்லு இவன்கிட்ட” என்று அக்கா போன் செய்தாள். போனை வாங்கியவன் சொன்னது வேறு. “மாமா, பெட்டியை விடுங்க. எனக்கு இந்தக் கோர்ஸே வராதுபோல இருக்கு. இவ்வளவு சின்ன சர்க்யூட்டே புரியலைன்னா நாலு வருஷம் என்ன பண்ணப் போறேன்?”

எனக்கு அந்தக் கீச்சைவிட இந்தப் பேச்சுதான் கவலையாக இருந்தது. பதினெட்டு வயசுப் பையன், ஒரு பெட்டியில் இருக்கும் பழுதைத் தன்னிடம் இருக்கும் பழுதாக எடுத்துக்கொண்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சால்டரிங் அயர்னை எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னேன். “இன்னிக்கு எதையும் மாத்தக் கூடாது. அளக்கறது மட்டும்தான். ஒரு நோட்டு எடு.”

முதலில் கேட்டது: “மத்த குமிழை முழுசா கீழ இறக்கிப் பார்த்தியா?” பார்க்கவில்லை. மெட்டில் மூன்றாவது ஸ்வரம்தான் ரொம்பத் தாழ்ந்த ஸ்வரம் என்பதால் அதை மட்டுமே இறக்கியிருந்தான். ஐந்தாவதை இறக்கினான். கீச். ஏழாவதை இறக்கினான். கீச். “எல்லாமே கத்துது மாமா!” என்றான். முகத்தில் ஒரு வெளிச்சம். ஏனென்றால் இரண்டு வாரமாக மூன்றாவது குமிழைக் குற்றவாளியாக நிறுத்தியிருந்தான். எல்லாம் கத்துகிறது என்றால் குற்றம் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும்.

எட்டும் சேரும் பொதுக் கம்பிக்குப் பிறகு இருப்பது வீச்சுக் குமிழும் ஆப்-ஆம்ப்பும்தான். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்து, சிவப்பு முனையை ஆப்-ஆம்ப்பின் 3-வது காலிலும் 1-வது காலிலும் மாறி மாறி வைத்து எழுதினான். உள்ளே 5, வெளியே 5. உள்ளே 4, வெளியே 4. உள்ளே 3, வெளியே 3. ஒன்றரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் உள்ளே 1, வெளியே ஏழரை!

அவன் போட்டிருந்த ஐ.சி. டி.எல்.072. நல்ல ஐ.சி.தான். சின்தசைஸர் சர்க்யூட்களில் எங்கும் இருக்கும். ஆனால் அந்த சர்க்யூட்கள் பெரும்பாலும் பிளஸ் 12, மைனஸ் 12 என்று இரட்டை சப்ளையில் ஓடுபவை. அங்கே பூஜ்யம் என்பது நடு மாடி. அதற்குக் கீழே இன்னும் பன்னிரண்டு படி இருக்கிறது. இவன் பெட்டி ஒரே பேட்டரியில் ஓடுகிறது. இங்கே பூஜ்யம்தான் தரை. டி.எல்.072-க்குத் தரையை ஒட்டி வரும் சிக்னல் ஆகாது. தன் எல்லைக்குக் கீழே போனதும் அவுட்புட்டை உச்சத்துக்குத் தூக்கிவிடும். இது கெட்டுப்போன ஐ.சி.யின் குணமல்ல, அந்த வகையின் இயல்பே அதுதான். எல்.எம்.358 தரை வரைக்கும் பார்க்கக் கூடியது. இரண்டுக்கும் கால் அமைப்பு ஒன்று. சாக்கெட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருக வேண்டியதுதான். விலை ஏறத்தாழ ஒரு டீக்காசு.

செருகினான். குமிழைக் கீழே இறக்கினான். ஒலி உறுமிக்கொண்டே இறங்கி அடங்கியது.

நான் அவனுக்கு விடையைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே அளப்பது என்று மட்டும்தான் சொன்னேன். அந்த ‘உள்ளே 1, வெளியே ஏழரை’யைக் கண்டுபிடித்தவன் அவன்தான். டேட்டா ஷீட்டைத் தேடி, தரையை ஒட்டி வரக் கூடாது என்ற வரியைப் படித்துக் காட்டியவனும் அவன்தான். நோட்டில் அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறான். கோர்ஸை விடும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

பழுது பார்க்க மூன்று விதிகள்

ஒன்று, அளந்த பிறகே மாற்று. அளக்காமல் மாற்றினால் பழைய பழுது போகாது, புதுப் பழுதும் சேரும்.

இரண்டு, நடுவில் வெட்டு. சர்க்யூட்டின் பாதி வழியில் ஓர் இடத்தை அளந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பழுது அதற்குப் பிறகு. சரியில்லையென்றால் அதற்கு முன்பு. ஒரே அளவையில் பாதி சந்தேகம் தீரும்.

மூன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். என்ன மாற்றினோம், என்ன ஆனது என்று எழுதி வையுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகள்

*ஒன்றுமே நடக்கவில்லை.* பேட்டரியை அளப்பது போதாது. ஐ.சி.யின் காலிலேயே அளக்க வேண்டும். நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்துப் பிளஸ், மைனஸ் வரிசைகள் நடுவில் துண்டாக இருக்கும். ஒரு பாதிக்குக் கரன்ட் வரும், மறுபாதிக்கு வராது. ஐ.சி. தொட்டால் சுடுகிறது என்றால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். திருப்பிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

*தாளம் வருகிறது, விளக்கு முதலிலேயே நிற்கிறது.* 4017-ன் 15-வது கால் உயர்ந்து நிற்கிறதா, 13-வது கால் மைனஸுக்கு வருகிறதா என்று பாருங்கள். இந்த வகை ஐ.சி.யில் எதிலும் இணையாமல் தொங்கும் இன்புட் காற்றில் ஆடும் கொடி மாதிரி. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனால் நடத்தை மாறுகிறதா? எங்கோ ஓர் இன்புட் தொங்குகிறது என்று அர்த்தம்.

*விளக்கு தாண்டித் தாண்டிக் குதிக்கிறது.* எப்போதும் ஒரே மாதிரி குதித்தால், அவுட்புட் கால்களின் வரிசையை மாற்றி இணைத்திருக்கிறீர்கள். நேரத்துக்கு ஒரு மாதிரி குதித்தால், 555 ஒவ்வொரு முறை மாறும்போதும் சப்ளையில் ஒரு வெட்டு விழுகிறது. அதை 4017 கூடுதல் தட்டாக எண்ணிவிடுகிறது. அந்த 0.1, 100 கெப்பாசிட்டர்கள் இதற்குத்தான்.

*ஒரு குமிழைத் திருப்பினால் வேறு ஸ்வரமும் மாறுகிறது.* ஏதோ ஒரு டையோடு திரும்பி இருக்கிறது, அல்லது இரு ஒயர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

*குமிழ்கள் ஒரே இடத்தில், ஸ்வரம் மட்டும் வேறு வேறு.* எல்.இ.டி.க்கு 1கே போட்டிருப்பீர்கள். 4017 வலுவான ஆள் அல்ல. எல்.இ.டி. அதிகக் கரன்ட் குடித்தால் அவுட்புட் 9 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கிவிடும். சிவப்பும் நீலமும் கலந்து போட்டிருந்தால் இறக்கமும் வேறுபடும். 10கே போடுங்கள். சிறு வித்தியாசம் அப்போதும் இருக்கும். அது பாட்களின் இயல்பு, காதால் சரிசெய்துகொள்ளலாம்.

*நாளாக நாளாக எல்லா ஸ்வரமும் இறங்குகிறது.* பேட்டரி இறங்குகிறது. நம் ஸ்வரங்கள் பேட்டரி வோல்டேஜிலிருந்தே பிறக்கின்றன. 9 வோல்ட் 8 ஆனால் 2 வோல்ட்டில் இருந்த ஸ்வரம் இரண்டரை செமிடோனுக்கும் மேல் இறங்கிவிடும். நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்றால் 12 வோல்ட் அடாப்டரும் 7809 ரெகுலேட்டரும் போடுங்கள்.

மோகனம் பாட வைப்போம்

சின்தசைஸர்களில் பெரும்பாலானவை ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் இயங்குபவை. ஒரு ஸ்தாயியில் 12 செமிடோன். ஆக, ஒன்றுக்கு 83.3 மில்லிவோல்ட். உங்களிடம் அப்படி ஒரு சின்தசைஸர் இருந்தால், மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே மோகன ராகத்தைச் சேர்த்துவிடலாம். முதலில் எட்டு ஸ்வரக் குமிழ்களையும் முக்கால்வாசியில் வைத்து, ஆப்-ஆம்ப்பின் 1-வது காலில் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் போகாதபடி வீச்சுக் குமிழைக் குறையுங்கள். வீச்சு முழுவதும் திறந்திருந்தால் குமிழை மயிரிழை நகர்த்தினாலும் ஸ்வரம் தாண்டிவிடும். பிறகு வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சுவிட்சைப் போட்டு நிறுத்தி, இந்த அளவுகளுக்குக் கொண்டுவாருங்கள்:

ச – 1.000
ரி – 1.167
க – 1.333
ப – 1.583
த – 1.750
மேல் ச – 2.000
த – 1.750
ப – 1.583

4046-க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வாயால் பாடிக் காதால் சேர்க்க வேண்டும். வீட்டில் பாட்டு கற்ற பெரியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஏத்து, போதும் போதும்’ என்று அவர்கள் சொல்ல, பேரப்பிள்ளை குமிழைத் திருப்ப, நல்ல பொழுதுபோக்கு. கமகம் வராதே என்று அவர்கள் குறைபட்டால் அதுவும் சரிதான். இந்தப் பெட்டி படிக்கட்டில் ஏறும், வழுக்கத் தெரியாது.

எட்டு ஸ்வரம் ஆதி தாளத்துக்கு ஒத்துப்போகிறது. 4017-ன் 15-வது காலை 9-லிருந்து எடுத்து 6-ல் இணைத்தால் ஏழு, மிஸ்ர சாபு. 1-ல் இணைத்தால் ஐந்து, கண்ட சாபு. ஒரே ஒரு ஒயரை இடம் மாற்றித் தாளத்தை மாற்றலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

பிரெட்போர்டில் 9 வோல்ட்டோடு விளையாடுவதில் ஆபத்து குறைவு. சால்டரிங் செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈயம் கலந்த சால்டர் என்றால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு நேராக எதையும் இணைக்க விடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பெட்டி வேலை செய்யாத நாளில் ‘அதான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லாதீர்கள். ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, ‘எங்க வரைக்கும் சரியா இருக்கு, எழுதிக் காட்டு’ என்று கேளுங்கள். உங்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே பாதிப் பழுது அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

அடுத்த வாரம்: மழைக்காலத்துக்கு முன் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைச் சோதிப்பது எப்படி?